முதல் விடை யாருடையது?

(இரண்டாமாண்டு மாணவி, பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஓர் ஊருக்கு ஒரே ஒரு கிணறுதான் என்றால், கிணற்றுக்காரர் எப்படிப்பட்டவர் என்பது ஊருக்கே பெரிய கேள்வியாகிவிடும். பத்துக் கிணறுகள் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. ஒரு கிணற்றில் தண்ணீர் உப்பாக இருந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விடுவோம். இன்று உலகத்தின் பெரும்பகுதிக்கு அறிவுத் தாகம் தீர்க்கும் கிணறாக இருப்பது ஒரே நிறுவனம். அதன் பெயர் கூகுள். "தெரியாது" என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் "கூகுளில் பார்க்கிறேன்" என்று சொல்லப் பழகிவிட்டோம். அந்தக் கிணற்றைப் பற்றி நாம் கொஞ்சம் சிந்திக்க வேண்டாமா?

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்பதுதான் என் தகுதி. பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போடுகிறார். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த நான், இங்கே ஆங்கிலத்தில் நடந்த முதல் வகுப்பில் உட்கார்ந்தபோது பாடத்தைவிடப் பாடத்திலுள்ள பெயர்கள்தான் என்னை மிரட்டின. 'என்ட்ரோப்பி' என்றால் என்னவென்று வெங்காயக் காட்டில் நிற்கும் அப்பாவிடமா கேட்க முடியும்?

செல்பேசியில் தமிழில் எழுதித் தேடினேன். விளக்கம் வந்தது. அந்த நிறுவனத்துக்கே சொந்தமான யூடியூபில் படம் வரைந்து தமிழிலேயே பாடம் நடத்தும் ஆசிரியர்களும் வந்தார்கள். அந்தச் செல்பேசி கட்டணம் கேட்கவில்லை, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்கவில்லை, "இது கூடவா தெரியாது?" என்று முகம் சுளிக்கவும் இல்லை. பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே பக்கம் எனக்கும் கிடைத்தது. இந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றி சொன்ன பிறகுதான் கேள்வி கேட்கும் உரிமை வருகிறது.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் அம்மா. எங்கள் வெங்காயத் தாள்கள் திருகத் தொடங்கியிருந்த ஒரு நாள், அவர் செல்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, "சின்ன வெங்காயத்துல திருகல் நோய் வந்தா என்ன மருந்து அடிக்கணும்?" என்று கேட்டார். எழுதத் தயங்கும் அவருக்கு, பேசினாலே போதும் என்று ஆன பிறகு செல்பேசி ஒரு தோழி போல. வரிசையாக விடைகள் வந்தன. அம்மா என்னிடம் திரும்பி, "மொதல்ல வந்திருக்கறதுதானே பாப்பா நல்லது?" என்றார். "வேளாண்மை ஆபீசரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்மா" என்றேன். அப்படியே கேட்டோம். ஆனால் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. முதலில் வருவது ஏன் முதலில் வருகிறது? வரிசை போடுவது யார்? விடை தேடி நான் படித்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வலை என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொதுநிலமாகப் பிறந்தது. 1989-இல் ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ அதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் அந்த ஆய்வுக்கூடம் அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே கொடுத்துவிட்டது. பக்கங்கள் பெருகின. எது எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்ட யாகூ, லைகோஸ், ஆல்டாவிஸ்டா என்று பல தேடு தளங்கள் தோன்றின. அன்று கிணறுகள் பல இருந்தன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஒரு புதுக் கணக்கோடு வந்தார்கள். ஊரில் நல்ல வைத்தியர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? பலரும் யாரைக் கைகாட்டுகிறார்களோ அவர்தான். அப்படிக் கைகாட்டுபவர்களே ஊரார் மதிக்கும் மனிதர்களாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு இன்னும் எடை கூடும். அதுபோல, ஒரு வலைப்பக்கத்தை எத்தனைப் பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களின் மதிப்பு என்ன என்று கணக்கிட்டு அவர்கள் வரிசை போட்டார்கள். துணைப்பாடக் கணிதத்தில் அணிகளைப் படிக்கும்போது வருகிறதே ஐகன் வெக்டர், இந்தக் கணக்கின் உள்ளே இருப்பது அதுதான். தேர்வுக்காக மட்டும் நாம் மனப்பாடம் செய்யும் ஒன்று உலகத்தையே வரிசைப்படுத்தியது என்றால் வியப்பாக இல்லையா? 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனமாயிற்று. திறமையால்தான் அது வென்றது என்பதில் ஐயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1998-இல் தங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி அவ்விருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி, தேடுபவனைவிட விளம்பரக்காரன் பக்கமே சாயும் என்பதுதான் அதன் கருத்து. இரண்டே ஆண்டுகளில், 2000 அக்டோபரில், அவர்களுடைய நிறுவனமே விளம்பரம் விற்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது! 2024-ஆம் ஆண்டில் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாய் 35,000 கோடி டாலர். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. நாம் காசு கொடுப்பதில்லை. நம் கவனம் ஏலம் போகிறது.

சரி, பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்டின் பிங் இருக்கிறது, டக்டக்கோ இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனைப் பேர் போயிருக்கிறோம்? செல்பேசியை வாங்கும்போது எது இருக்கிறதோ அதையே கடைசிவரை வைத்திருப்பது மனித இயல்பு. அந்த இயல்புக்கு என்ன விலை என்பது ஒரு வழக்கில் வெளிவந்தது. ஆப்பிள் முதலிய நிறுவனங்களின் கருவிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் அமைந்திருக்க, 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர்!

அமெரிக்க அரசின் நீதித்துறை 2020 அக்டோபரில் தொடுத்த வழக்கு அது. குஜராத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த நீதிபதி அமித் மேத்தா, 2024 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் பத்தில் ஒன்பது தேடல்கள் கூகுள் வழியாகவே நடக்கின்றன. அதன் பொறியாளர்களின் திறமை உண்மையானது. எனினும் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொள்ள அது செய்த ஒப்பந்தங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றார் அவர். 2025 செப்டம்பரில் வந்த பரிகார ஆணை, குரோம் உலாவியை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால், "எங்களைத் தவிர வேறு யாரையும் சேர்க்காதே" என்ற வகை ஒப்பந்தங்களைத் தடுத்தது. தேடல் தரவுகளில் சிலவற்றைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கவும் சொன்னது.

விளம்பரச் சந்தை பற்றிய மற்றொரு வழக்கில், வர்ஜீனியா நீதிமன்றத்தின் நீதிபதி லியோனி பிரிங்கெமா 2025 ஏப்ரலில் தீர்ப்பு வழங்கினார். வலைத்தளங்கள் விளம்பர இடத்தை விற்கப் பயன்படுத்தும் கருவி, அந்த இடம் ஏலம் போகும் சந்தை ஆகிய இரண்டிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் கொண்டிருக்கிறது என்பது அத்தீர்ப்பு. இதை விடுமுறையில் அப்பாவிடம் விளக்கப் பார்த்தேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். "கமிஷன் மண்டி மாதிரின்னு சொல்லு" என்றார். முன்பணம் கொடுப்பவரும் ஏலம் போடுபவரும் ஒருவரே, தராசும் அவருடையதே. "எடை சரியாத்தான் இருக்கும்னு வச்சுக்குவோம். சரியா இருக்குதான்னு பார்க்க நம்மகிட்ட வேற தராசு இல்லையே, அதான் சங்கடம்" என்றார். நான் படித்த பக்கங்களில் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் விற்கும் திறன்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டில் இயங்குபவை. 2005-இல் கூகுள் வாங்கிய அமைப்பு அது. செல்பேசி தயாரிப்பாளர்கள் கூகுளின் செயலிகளை மொத்தமாக ஏற்றியே தீரவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையின் சில பகுதிகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. இதற்கிடையே 2023 ஜனவரியில், இந்தியாவில் ஆண்ட்ராய்டு கருவியை முதன்முதலாக அமைக்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று பயனரே தேர்ந்தெடுக்கலாம் என நிறுவனம் அறிவித்தது. கேட்டால் ஒரு கதவாவது திறக்கிறது என்பதற்கு இது சான்று அல்லவா?

இந்த நிறுவனத்தின் தலைவர் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். 2008-இல் வெளிவந்த குரோம் உலாவியை உருவாக்கியதில் முன்னின்றவர். 2015 முதல் கூகுளின் தலைமைச் செயல் அலுவலர். அவரை எண்ணிப் பெருமைப்படாத தமிழ் மாணவர் உண்டா? எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் கிணற்றுக்காரர் நம் சொந்தக்காரர் என்பதால் இன்னொரு கிணறு வேண்டாம் என்று ஆகிவிடாது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. போட்டி, ஏகபோகம் என்பனவெல்லாம் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் செல்பேசி சொல்லும் விடை பல விடைகளில் ஒன்று. மாமா மருத்துவர், சித்தி ஆசிரியை, பக்கத்து வீட்டில் ஒரு வழக்கறிஞர். செல்பேசி சொல்வது தவறென்றால் திருத்த ஆள் இருக்கிறது. எங்கள் வீடு போன்ற வீடுகளில் முதலில் வரும் விடைதான் ஒரே விடை. எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது, எந்த உதவித்தொகை உண்மை, எந்த மருந்தை எந்த அளவில் அடிப்பது என்று எல்லாவற்றையும் அந்த முதல் வரியை நம்பியே முடிவு செய்கிறோம். ஆகவே வரிசை போடுபவருக்கு ஒரு போட்டியாளர் இருக்கிறாரா, அவரைக் கேள்வி கேட்க ஒரு நீதிமன்றம் இருக்கிறதா என்பது முதலில் எங்களைப் போன்றோருக்குத்தான் தேவை. மாற்றுத் தராசு வேண்டியது மூட்டையைச் சுமந்து வருபவனுக்கு அன்றோ?

இப்போது காலம் இன்னும் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. 2022 நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி வந்தபோது, கூகுளுக்கே எதிரில் ஒரு புதுக் கிணறு வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டே கூகுளும் தன் உரையாடும் இயந்திரத்தை வெளியிட்டது. இன்று அதன் பெயர் ஜெமினி. போட்டி வந்தால் பெரிய நிறுவனமும் வேகமாக ஓடுகிறது. ஆனால் புதுமுறையில் ஒரு சிக்கல் உண்டு. முன்பு பத்துப் பக்கங்களாவது வரிசையாக வந்தன. இப்போது அவற்றைப் பிழிந்து ஒரே பத்தியாக இயந்திரமே சொல்லிவிடுகிறது. சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்திய பேராசிரியர், "ஏம்மா, எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்ட டியூஷன் படிச்சீங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்த வாத்தியார் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

ஆக, நாம் என்ன செய்யலாம்? செல்பேசியைத் தூக்கி எறியச் சொல்பவள் அல்ல நான். எறிந்தால் அதிகம் இழப்பவள் நான்தான். விளம்பரம் எது, விடை எது என்று பிரித்துப் பார்க்கப் பழகலாம். முக்கியமான எதையும் இரண்டு இடத்தில் கேட்கலாம்; அந்த இரண்டாவது இடம் நம் கல்லூரி நூலகமாகவோ, ஒரு பேராசிரியராகவோ, மூன்றாமாண்டு அக்காவாகவோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாமும் எழுதலாம். நாம் எழுதாத பக்கத்தை எந்தத் தேடுபொறியாலும் காட்ட முடியாது. 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா, விளம்பரமின்றி, ஊர் கூடி எழுதுவது. அதில் ஒரு திருத்தம் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எங்கள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து, முதலாண்டு இயற்பியலில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். 'என்ட்ரோப்பி' முதல் சொல். இதுவரை நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன. பிழை பார்த்துத் தருவதாகப் பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் கல்வியாண்டில் அந்த நோட்டு துறை நூலகத்தில் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத வீட்டிலிருந்து வரும் தங்கைக்கும் தம்பிக்கும் செல்பேசியோடு அதுவும் இருக்கட்டும்.