ஓர் எழுத்தும் ஒரு முறுக்குப் பொட்டலமும்



ஆண்டுதோறும் இவ்விதழில் எமக்கென ஒதுக்கப்படும் பக்கங்களில் பள்ளியின் வளர்ச்சியைப் பற்றியோ ஒழுக்கத்தின் மேன்மையைப் பற்றியோ எழுதுவது எமது வழக்கம். இவ்வாண்டு எமது பிழை ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். அப்பிழையை எடுத்துக்காட்டியவன் மூன்றாம் ஆண்டில் பயிலும் ஒரு சிறுவன். அதனைத் திருத்தும் வழியைக் காட்டியவள் இப்பள்ளியின் முன்னாள் மாணவி ஒருத்தி. மாணவர் ஆசிரியருக்குப் பாடம் புகட்டிய கதை ஆதலின், பிள்ளைகள் இதனை விரும்பிப் படிப்பர் என்பதில் ஐயமில்லை.

அம்மாணவி நம் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஆறாம் ஆண்டு வரை இங்கேயே பயின்றாள். தோட்டத்தில் வேலை அருகியபின் அவளது குடும்பம் மாக் மண்டினில் குடியேறிற்று. பட்டர்வொர்த் நகரை அடுத்த அவ்விடத்தில் 1960களிலேயே தொழிற்பேட்டை உருவாயிற்று என்பதைப் பெரியவர்கள் அறிவர். தந்தையார் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். இப்பெண் இங்குப் படித்த நாளில் கணக்கு ஏட்டின் ஓரங்களிலெல்லாம் பூக்களும் கொடிகளும் வரைந்து வைப்பாள். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று நாம் ஒரு நாள் வகுப்பிலேயே கேட்டுவிட்டோம். பிள்ளைகள் சிரித்தனர். அவள் தலை குனிந்தாள். அந்தக் கேள்வியை அவள் மறந்தாளோ என்னவோ, நாம் மறக்கவில்லை.

காலம் ஓடிற்று. பட்டர்வொர்த் துறையில் பெர்ரி ஏறி, நாள்தோறும் பினாங்குத் தீவிலுள்ள கல்லூரிக்குச் சென்று அவள் வடிவமைப்புக் கலை பயின்றாள். 2024ஆம் ஆண்டு இறுதித் தேர்வுக்கு அவளுக்கொரு பணி இடப்பட்டது. மெய்யாகவே தேவையுள்ள ஒருவரைத் தேடிக் கண்டு, அவருக்கு வேண்டியதைக் கேட்டறிந்து, வரைந்து, அச்சிட்டு, அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். பின்னர்த் தான் கற்றுக்கொண்டதைக் கட்டுரையாக எழுதித் தர வேண்டும். பிற மாணவர் சிலர் உணவகங்களையும் துணிக்கடைகளையும் நாடினர். இவளோ மாக் மண்டினில் முறுக்குச் சுட்டு விற்கும் ஒரு பாட்டியாரை நாடினாள்.

அப்பாட்டியார் இளமையில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்தவர். முழங்கால் வலி கண்டபின் முறுக்கு அச்சைக் கையில் எடுத்தார். நெகிழிப் பையில் முறுக்கை நிரப்பிச் சிவப்பு நூலால் கட்டி விற்பார். பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. "சிவப்பு நூல் முறுக்கு" என்றால் சுற்றுவட்டாரத்துத் தமிழருக்குத் தெரியும். ஆனால் ஒரு கடைக்காரர், "பொட்டலத்தில் லேபல் இல்லாவிட்டால் என் கடையில் வைக்க இயலாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயமே. 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவின் பெயர், சேர்மானங்கள், எடை, செய்தவரின் பெயர், விலாசம் ஆகியவை மலாய் மொழியில் பெயர்ச்சீட்டில் இருத்தல் வேண்டும். தீபாவளிக்கு இரண்டு மாதமே இருந்தது. பாட்டியாருக்கு ஆண்டின் பெரும்பகுதி வருமானம் அந்தச் சில வாரங்களில்தான்.

நம் மாணவி இரவு பகலாக உழைத்து முதற் பெயர்ச்சீட்டை வரைந்தாள். பொன்னிறத் தாளில் மயில் ஒன்று தோகை விரித்திருந்தது. எழுத்துகள் கொடிபோல் மெலிந்து வளைந்திருந்தன. பாட்டியார் அதனைக் கண்ணருகே கொண்டு சென்றார். கை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பின்பு, "அழகாத்தான் இருக்கு கண்ணு. ஆனா இதுல என் முறுக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அன்று மாலை அப்பெண் கலங்கிய கண்களுடன் எம் வீடு தேடி வந்தாள். நாம் ஓவியர் அல்லர். ஆயினும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற ஒன்றை அவளிடம் கூறினோம். அங்கே நாம் பாட அட்டைகளை எழுதி முடித்ததும், விரிவுரையாளர் எம்மைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்து எம் அட்டையை எம்மையே படிக்கச் சொல்வார். படிக்க முடியாவிட்டால், எத்தனை வண்ணம் தீட்டியிருந்தாலும் அது அட்டை ஆகாது.

நம் நாட்டுக் கொடியின் வரலாற்றையும் நினைவூட்டினோம். 1949இல் மலாயாக் கூட்டரசுக்குக் கொடி வரைய நடந்த போட்டிக்கு 373 வடிவங்கள் வந்தன. வென்றவர் ஜொகூர் பொதுப்பணித் துறையில் வேலை செய்த முகமது ஹம்சா. அவர் வரைந்த ஐந்து முனை நட்சத்திரம் அப்படியே ஏற்கப்படவில்லை. மாநிலங்களைக் குறிக்கும் வகையில் பதினொரு முனைகளாக்கப்பட்டது. 1963இல் மலேசியா உருவானபோது முனைகளும் பதினான்காயின, கோடுகளும் பதினான்காயின. பிறருக்காகச் செய்யும் வேலையில் பிறர் கை படுவது இழிவன்று.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, எமக்குத் தெரியாத ஒன்றை எமக்குச் சொன்னாள். இந்திய அரசு தன் ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டிப் போட்டி வைத்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தனவாம். 2010 ஜூலை 15ஆம் நாள் ஏற்கப்பட்டது, தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் என்பார் வரைந்தது. அவர் அப்பொழுது மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்துவந்த மாணவர். தேவநாகரியின் 'ர' எழுத்தும், தண்டு நீங்கிய ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஓருருவாகி நிற்க, மேலே இரண்டு கோடுகள், அவ்வளவே. "சிறு பிள்ளையும் எழுதிவிடலாம் ஐயா. நான்தான் மயிலைப் போட்டுக் கெடுத்துவிட்டேன்" என்றாள்.

மறுநாள் முதல் அவள் பாட்டியாரின் அடுப்பங்கரையிலேயே போய் அமர்ந்தாள். எண்ணெய்க் கையால் பாட்டியார் பொட்டலத்தைத் தொடுவதைக் கண்டு, எண்ணெய் பட்டாலும் மை கலையாத ஒட்டுத்தாளைத் தேர்ந்தாள். வாங்க வருவோர் சிவப்பு நூலைத்தான் தேடுகின்றனர் என்று கண்டு, சீட்டின் குறுக்கே சிவப்புப் பட்டை ஒன்றை ஓட விட்டாள். முறுக்கை மறைக்காதபடி சீட்டைச் சிறிதாக்கினாள். தமிழில் பெரிதாக ஒரே சொல். அதன் கீழே சட்டம் கேட்கும் செய்திகள் மலாயில். பாட்டியார் அதனைப் பார்த்து, "இதுதான் என் பொட்டலம்" என்றார். அவருக்கு நிறம் தெரிந்தது. எடையைக் குறித்த எண் தெரிந்தது. எழுத்துப் படிக்க அவருக்குத் தெரியாது.

அச்சுக்குக் கொடுக்கு முன், "எழுத்துப் பிழை பார்த்துத் தாருங்கள் ஐயா" என்று அவள் மாதிரித் தாளை எம்மிடம் நீட்டினாள். பள்ளியில் வேலை மலிந்திருந்த நேரம். சேர்மானங்களைப் பார்த்தோம்; விலாசத்தைப் பார்த்தோம்; எடையைப் பார்த்தோம். 'சரி' என்றெழுதிக் கையொப்பமிட்டோம். சீட்டுகள் ஐந்நூறு அச்சாயின. செலவு 150 வெள்ளி.

ஒரு வாரம் கழிந்து, மூன்றாம் ஆண்டு வகுப்பில் ரகர றகர வேறுபாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் எழுந்தான். "ஐயா, எங்க அம்மா வாங்கின முறுக்குப் பொட்டலத்தில் சின்ன 'ரு' போட்டிருக்காங்க. நீங்க பெரிய 'று'ன்னு சொன்னீங்களே?"

அவன் பையிலிருந்து எடுத்த வெற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தோம். சிவப்புப் பட்டையின் நடுவே, கடைசிப் பெஞ்சிலிருந்தும் படிக்கும்படி, 'முருக்கு' என்றிருந்தது. சீட்டில் எல்லாவற்றினும் பெரிய சொல்லை நாம் படிக்கவே இல்லை! பெரிதாயிருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று கண் தாண்டிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். 'அச்சகத்தார் பிழை' என்று சொல்ல எம் நா எழுந்தது. முப்பது கண்கள் எம்மை நோக்கியிருந்தன. ஏட்டில் பிழை செய்த பிள்ளை, "பென்சில் வழுக்கிவிட்டது ஐயா" என்று சொன்னால் நாம் ஏற்பதில்லையே! "இது தவறுதான். இதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவர் நாமே" என்றோம். வகுப்பில் ஓசையில்லை. பிறகு அச்சிறுவனின் கையைப் பற்றிப் பாராட்டினோம்.

பிழை எங்கே பிறந்தது? மலாயில் இப்பண்டத்தின் பெயரை எழுத ஒரே 'ஆர்'தான் உண்டு. கணினியில் ஒலிப்படித் தமிழ் எழுதும் 'அஞ்சல்' முறை நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. அதில் சிறிய 'ஆர்' தட்டினால் ரகரம் வரும். பெரிய 'ஆர்' தட்டினால் றகரம் வரும். மலாய்ச் சொல்லின் நினைவில் அவள் விரல் சிறியதைத் தட்டிவிட்டது. முறுக்கு என்பது முறுக்கிச் செய்வதால் வந்த பெயர். முருக்கு என்பதோ செந்நிறப் பூப் பூக்கும் ஒரு மரம். பாட்டியார் தம்மை அறியாமலே மரத்தை விற்றுக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே மாக் மண்டினுக்குச் சென்றோம். அப்பெண் எம் கையொப்பத்தைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. "தட்டியவள் நான் ஐயா" என்றாள். "ஒப்பமிட்டவர் நாம் அம்மா" என்றோம். புதிதாக அச்சிட நாளும் இல்லை, பணமும் இல்லை. விற்றவை போக நானூற்று அறுபது சீட்டுகள் எஞ்சியிருந்தன. அவள் ஒரு வழி கண்டாள். அதே சிவப்பில் 'று' என்ற ஓரெழுத்தைச் சிறு சிறு ஒட்டுத்தாள்களாக அச்சிட்டு வந்தாள். இரண்டு மாலைப் பொழுதுகள் பாட்டியாரின் வாசலில் பாய் விரித்து அமர்ந்து, நானூற்று அறுபது சீட்டிலும் 'ரு'வின் மேல் 'று'வை ஒட்டினோம். பிழை செய்த பிள்ளைக்கு ஐம்பது முறை எழுதும் தண்டனை கொடுப்பவர் நாம். அன்று எமக்குக் கிடைத்தது அதனினும் ஒன்பது மடங்கு!

பாட்டியாரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "எனக்கு எழுத்துத் தெரியாதுங்க ஐயா. தெரிஞ்சவங்க பார்த்தாச்சேன்னு நம்பினேன்" என்றார். சினந்து சொன்ன சொல் அன்று. ஆயினும் இன்றுவரை எம் நெஞ்சில் தைத்து நிற்பது அச்சொல்லே. எழுத்தறியாத ஒருவர் எழுத்தறிந்தவர்மீது வைக்கும் நம்பிக்கைதான் எத்துணைப் பெரிது! தோட்டத்தில் எத்தனை பெற்றோர் படிவங்களைக் கொண்டுவந்து, "ஐயா பார்த்தாச் சரி" என்று எம்மிடம் தந்திருக்கின்றனர்! அத்தனை தாள்களையும் நாம் முழுமையாகப் படித்தோமா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். உறக்கம் வரவில்லை.

தீபாவளிக்கு முன் பொட்டலங்கள் அனைத்தும் விற்றன. கடைக்காரரும் தம் கடையில் இடம் கொடுத்தார். மறு அச்சில் எழுத்து சரியாகவே வந்துவிட்டது. நம் மாணவி தன் கட்டுரையில் எதனையும் மறைக்கவில்லை. மயிலைப் பற்றியும் எழுதினாள். 'ரு'வைப் பற்றியும் எழுதினாள். அதன் படியொன்றை எமக்கும் தந்தாள். தனக்குப் பிடித்ததை வரைவது ஓவியம் என்றும், பிறருக்குப் பயன்படுவதை வரைவதே தன் தொழில் என்றும் அதில் குறித்திருந்தாள். யாருக்காகச் செய்கிறோமோ அவரருகில் அமர்ந்து அவர் கையைக் கவனித்த நாளில்தான் தன் வேலை தொடங்கியது என்றாள். படிக்கத் தெரியாதவருக்குச் செய்யும் வேலையை இருவர் அல்ல, பலர் படித்துப் பார்க்க வேண்டும் என்றும், அவர்களுள் ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும் என்றும் முடித்திருந்தாள். அவள் தேர்ச்சி பெற்றாள்.

மாணவச் செல்வங்களே! 'சரி' என்னும் சொல்லைப் படித்த பிறகே எழுதுங்கள். ஆசிரியர் எழுதியதாயினும் தவறெனத் தோன்றினால் எழுந்து கேளுங்கள். பெற்றோர்களே! ஏட்டின் ஓரத்தில் உங்கள் பிள்ளை பூ வரைந்தால் அதட்டாதீர்கள். சோறு கிடைக்குமா என்று நாம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரு பாட்டியாரின் அடுப்பு அணையாமல் எரிகிறது.

அந்த முதற் சீட்டுகளுள் ஒன்றைத் திருத்தாமல் எடுத்துவைத்து, எமது மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறோம். எமது அறைக்கு வரும் பிள்ளைகள் அதனைப் படித்து எம்மைப் பார்த்துச் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும். சிரிக்கும் பிள்ளைக்கு ரகரமும் றகரமும் தெரிந்திருக்கிறது.

வாழிய நலம்.