பில்லி வொய்ட்லா: சில தனிப்பட்ட குறிப்புகள்

ஐந்து வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் ஸாமுவெல் பெக்கெட்டின் பிற்கால நாடகங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். மொழியின் தோல்வி, சுயத்தின் சிதைவு என்றெல்லாம் அதில் இருந்தது. நண்பர்கள் சிலர் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் ஒரு கார்டு போட்டு, 'இந்த நாடகங்களில் ஒன்றையாவது நீங்கள் பார்த்ததுண்டா?' என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. பார்த்ததில்லை என்பதுதான் பதில். அப்போது அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. நம் வட்டத்தில் நாடகம் என்றால் அச்சில் வந்த பிரதி; அதை மேடையில் ஏற்றுவது பிரதிக்கு நேர்கிற ஒரு விபத்து. நடிகர்களைப் பற்றி எழுதுவது வாரப் பத்திரிகைக்காரர்களின் காரியம் என்கிற ஒரு மமதை எனக்கும் இருந்தது.

சென்ற வருஷம்தான் 'நாட் ஐ' நாடகத்தின் படத்தைப் பார்த்தேன். பி.பி.ஸி. 1977இல் ஒளிபரப்பியது. கால் மணி நேரம்கூட இல்லை. திரை முழுக்க ஒரு வாய். முகம் இல்லை, மூக்கு இல்லை, கண் இல்லை. உதடும் பல்லும் நாக்கும் எச்சிலும். அந்த வாய் பேசிக்கொண்டே இருக்கிறது, மூச்சு விட இடமில்லாத ஒரு வேகத்தில். கொஞ்ச நேரத்தில் அது வாயாகவும் தெரிவதில்லை. ஏதோ ஒரு ஜந்து, அல்லது ஒரு புண். எழுபது வயதை எட்டிய ஒரு பெண், வாழ்க்கை முழுவதும் அநேகமாக ஊமையாகவே கழித்தவள். ஏப்ரல் மாதத்துக் காலை ஒன்றில் திடீரென்று அவளிடமிருந்து பேச்சு பீறிடுகிறது. பேசுவது தன்னைப் பற்றித்தான் என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். 'நான்' என்று சொல்லச் சொல்லி யாரோ வற்புறுத்துகிறார்கள் போலிருக்கிறது. 'அவள்' என்றே திரும்பத் திரும்பக் கத்துகிறாள்.

பிரதி எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். ஆனால் அன்று பாதி வாக்கியங்கள் காதில் விழவேயில்லை. படம் முடிந்த பிறகு என் உள்ளங்கைகள் ஈரமாயிருந்தன. புத்திக்கல்ல, நரம்புகளுக்கே இந்த நாடகம் வேலை வைக்க வேண்டும் என்று நியூயார்க்கில் 1972இல் அதை முதன்முதலாக நடித்த ஜெஸிகா டாண்டிக்கு பெக்கெட் எழுதியதாக எங்கோ படித்து, அதை என் கட்டுரையில் எடுத்தாண்டும் இருக்கிறேன். எடுத்தாள்வது சுலபம்.

அந்த வாய் பில்லி வொய்ட்லாவினுடையது. 1932இல் கவென்ட்ரியில் பிறந்து யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டில் வளர்ந்தவர். சாதாரணக் குடும்பம், தகப்பனார் இவருடைய சிறு வயதிலேயே புற்றுநோயில் போய்விட்டார். அந்த நாட்களில் இவருக்குத் திக்குவாய். நாடகத்தில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று தாயார் நினைத்திருக்கிறார். பதினோரு வயதில் பி.பி.ஸி. வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிகளில் நடிக்க ஆரம்பித்தார். பெரும்பாலும் பையன்களின் குரல்.

இந்தத் தகவலைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

நான் திக்குவாய்க்காரன் என்பது இதைப் படிக்கிறவர்களில் என்னை நேரில் பார்த்த ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இதுவரை ஏற்படவில்லை. எழுத்தில் அது தெரியாது. நான் எழுத வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு முக்கியமான எதிரி 'ப'. கல்லூரியில் ஆங்கில பி.ஏ. வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது 'ப்ரெஸன்ட் ஸார்' சொல்ல வேண்டும். என் நம்பர் வருவதற்குப் பத்து நம்பர் முன்னாலேயே உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். ஒரு பேராசிரியர் காத்திருக்க மாட்டார். ஆப்ஸென்ட் போட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். முன் வரிசையில் அவருடைய கண்ணெதிரே உட்கார்ந்தபடியே ஒரு பருவம் முழுக்க நான் வரவில்லை. அந்தப் பேராசிரியர்தான் பெக்கெட்டை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார், மனிதர்களுக்கிடையே தொடர்பு சாத்தியமில்லாமல் போனதைப் பற்றி. இது ஹாஸ்யத்துக்காகச் சொன்னதல்ல.

இப்போது வங்கியில் கௌண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். 'உங்கள் பாஸ்புக்' என்பதில் நான் 'உங்கள்' சொல்லி நின்றதும் அவர்களே பாஸ்புக்கை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். நல்ல மனிதர்கள். முடிக்காத வாக்கியத்தைப் பிறர் முடித்துவைப்பதில் உள்ள அவமானம் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

மற்றவர்களோடு சேர்ந்து படித்தால் எனக்குத் திக்காது. பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒருநாளும் திக்கியதில்லை. இன்னொருவனைப் போல மிமிக்ரி செய்தாலும் திக்காது. திக்குவது 'நான்' என்று பேசும்போதுதான். இது என் சொந்த விசித்திரம் அல்ல, திக்குவாய்க்காரர்களில் பலருக்கும் பொது. வொய்ட்லாவின் தாயார் கண்டுபிடித்த வைத்தியமும் இதன் மீதுதான் நிற்கிறது: வேறொருவனாகப் பேசு, பேச்சு வரும்.

அவர் முதலில் பெயர் வாங்கியது டெலிவிஷனில். 1959இல் 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் ஆலன் ஓவன் எழுதிய 'நோ ட்ராம்ஸ் டு லைம் ஸ்ட்ரீட்'. லிவர்பூல்காரர்களின் பேச்சு மொழியில் வந்த நாடகம். டெலிவிஷன் நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒளிபரப்பான காலம் அது. பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. அதே வரிசையில் 1958 நவம்பரில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர் இரண்டு காட்சிகளுக்கு நடுவில் மாரடைப்பால் இறந்துபோனார். மற்றவர்கள் கதையை எப்படியோ ஒப்பேற்றி முடித்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பயின்றவருக்கு, நின்றால் விழுந்துவிடுவோம் என்ற உணர்வு உடம்பிலேயே ஊறியிருக்கும். டெலிவிஷன் நடிப்பை இரண்டாம் தரம் என்று தள்ளுகிற மேடை அபிமானிகள் இதை யோசிப்பதில்லை.

பிறகு நேஷனல் தியேட்டர். 1964இல் ஓல்ட் விக்கில் பெக்கெட்டின் 'ப்ளே'. மூன்று தாழிகள், மூன்று தலைகள்; ஒரு கணவன், மனைவி, வைப்பு. எந்தத் தலை மீது வெளிச்சம் விழுகிறதோ அது பேச வேண்டும், வெளிச்சம் நகர்ந்தால் சொல்லின் நடுவிலேயே நிறுத்த வேண்டும். கூட நடித்தவர்கள் ரோஸ்மரி ஹாரிஸ், ராபர்ட் ஸ்டீவன்ஸ். இந்த வேகத்தில் பேசினால் யாருக்குப் புரியும் என்று விமர்சகர் கென்னத் டைனன், டைரக்டர் ஜார்ஜ் டிவைனோடு சண்டைக்குப் போனார். டைனன் அப்போது நேஷனலிலேயே இலக்கிய ஆலோசகர். டைனனை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நானும் அவர் ஜாதிதான். ஒரு சொல்லும் தவறாமல் அர்த்தம் கைக்கு வந்தாக வேண்டும் என்று தவிக்கிற ஜாதி. ஒத்திகையின்போது பெக்கெட் இந்த நடிகையைக் கூப்பிட்டு, இன்ன பக்கத்தில் இன்ன இடத்தில் உள்ள மூன்று புள்ளிகளை இரண்டு புள்ளிகளாக்கிக்கொள் என்றாராம். அவர் சிரிக்கவில்லை. பென்ஸிலால் திருத்திக்கொண்டார். ஒரு புள்ளியின் கால அளவு என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அச்சுப் பிரதியில் நான் கண்ணால் தாண்டிப்போன புள்ளிகள் அவை.

அதே வருஷங்களில் மாகி ஸ்மித்துக்குப் பின் ஆலிவியேயின் ஒதெல்லோவுக்கு டெஸ்டிமோனாவாகவும் நடித்தார். 1968இல் ஆல்பர்ட் ஃபின்னி டைரக்ட் செய்த 'சார்லி பப்பிள்ஸ்' படத்தில் நடித்துப் பரிசு வாங்கினார். 1976இல் 'தி ஓமன்' என்ற பேய்ப்படத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதியாக வந்து உலகத்தையே பயமுறுத்தினார். பெக்கெட்டின் நடிகை என்று சொல்லி மற்றதையெல்லாம் மறைத்துவிடுவது சரியல்ல. அதில் பாதிக்கு மேல் பிழைப்பு. பிழைப்பைக் கேவலமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

'நாட் ஐ' பிரதி அவர் கைக்கு வந்தபோது அவருடைய ஐந்து வயது மகன் மூளைச்சவ்வுக் காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த சமயம். படித்ததும் அழுதேன் என்கிறார். அதைப் பற்றிய எந்த வியாக்யானமும் அவரிடம் இல்லை. அந்த அலறலைத் தனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறார். 1973 ஜனவரியில் லண்டன் ராயல் கோர்ட்டில், ஃபின்னி நடித்த 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்'புடன் சேர்த்து அது அரங்கேறியது. உயரமான நாற்காலியில் அவரைக் கட்டி, தலை அசையாமல் பொருத்தி, முகத்தைக் கறுப்பால் மூடி, வாய்க்கு மட்டும் வெளிச்சம். ஒத்திகை ஒன்றில் திசையுணர்வு முழுக்கப் போய், விண்வெளியில் கரணம் போடுவதைப் போல் உணர்ந்து நிலைகுலைந்துவிட்டார். இறக்கிவிட்டார்கள். உனக்கு என்ன செய்துவிட்டேன் என்று பெக்கெட் பதறியிருக்கிறார். சற்று ஆசுவாசப்படுத்திக்கொண்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தார்.

இந்த இடம் என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஒரு பெண்ணைக் கட்டி உட்காரவைத்து, கண்ணை மறைத்து, ஓர் ஆண் எழுதியதை இத்தனை நிமிஷத்துக்குள் பேசு என்பது என்ன மாதிரியான கலை? அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சிநேகிதி, 'இதுக்குப் பேர் அவான்கார்டா?' என்று கேட்டாள். பெக்கெட்டை நான் காப்பாற்றப் போவதில்லை. அவர் 'நிறம் வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லி அந்தக் குரலிலிருந்து உணர்ச்சியைத் துடைத்துக்கொண்டே போனார். ஆனால் வொய்ட்லாவை வெறும் கருவி என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதே வரிகளை வேறு வாய்கள் பேசியும் கேட்டுவிட்டேன். வேகம் இருக்கிறது, திறமை இருக்கிறது. இந்தப் பயம் இல்லை. நின்றுவிடுவோமோ என்கிற பயம். அது எழுத்தாளன் கொடுத்ததல்ல. பிராட்ஃபோர்டிலிருந்து அவரே கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஒரு திக்குவாய்க்காரனின் காது சொல்வது, அவ்வளவுதான்.

என் பழைய கட்டுரையில் பெரிய தப்பு இங்கேதான். அந்த வாயை நான் மொழியின் தோல்வி என்று எழுதினேன். திக்குகிறவனுக்கு மொழியில் எந்தச் சந்தேகமும் இல்லை. சொல் முழுசாக, பளபளவென்று உள்ளே தயாராக இருக்கிறது. தோற்பது உதடு. இதை என் வாழ்நாள் முழுவதும் அறிந்திருந்தும், எழுத உட்கார்ந்ததும் ஒரு ஃபிரெஞ்சு வியாக்யானத்தை இரவல் வாங்கினேன்.

1976இல் பெக்கெட் இவருக்கென்றே 'ஃபுட்ஃபால்ஸ்' எழுதினார். சாம்பல் நிறக் கந்தலில் ஒருத்தி மேடையில் ஒரே கோட்டில் நடக்கிறாள்: ஒன்பது அடி, திரும்பல், ஒன்பது அடி. நான் செத்துவிட்டவளா என்று ஒத்திகையில் வொய்ட்லா கேட்டார். முழுக்க இங்கே இல்லாதவள் என்று வைத்துக்கொள்வோம் என்கிற மாதிரி பதில் வந்தது. அது அவருக்குப் போதுமாயிருந்தது. 1979இல் பெக்கெட்டே டைரக்ட் செய்த 'ஹாப்பி டேஸ்', 1981இல் பஃபலோவில் 'ராக்கபி'. கடைசியாகச் சொன்னதில் நாற்காலி தானாக ஆடுகிறது, பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு. மேடையில் இருப்பவள் 'இன்னும்' என்று நான்கு தடவை கேட்பாள், அவ்வப்போது பதிவோடு சேர்ந்தும் சில சொற்களைச் சொல்வாள். 'நாட் ஐ'யில் கொட்டித் தீர்த்தவருக்கு இங்கே அவ்வளவுதான் பேச்சு. அந்த நான்கும் ஒன்றுக்கொன்று வேறு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெலிந்திருக்கும்.

பிற்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இவரை அழைத்துப் பேசச் சொன்னார்கள். எதிரே பெக்கெட் நிபுணர்கள். நாடகங்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன் என்பாராம். இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அடக்கம் அல்ல, அலட்சியமும் அல்ல. தச்சனிடம் மரத்தின் தத்துவத்தைக் கேட்டால் அவன் உளியைக் காட்டுவான். நம் பக்கம் கூத்துக் கட்டுகிறவர்களிடம் டேப் ரிக்கார்டரோடு போன ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

பெக்கெட் 1989 டிசம்பர் 22இல் இறந்தார். வொய்ட்லா 2014 டிசம்பர் 21இல். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. நம்மில் யாராவது இதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிக்கக்கூடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு 'நாட் ஐ'யை உரக்கப் படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு. முடிக்க ஐம்பது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. முதல் இரண்டு பக்கம் திக்கவில்லை, அது யாரோ பெண் பேசுவது. அப்புறம் திக்க ஆரம்பித்தது, உதடு ஒட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. பல இடங்களில் நான் நின்றதும் அவருடைய புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுந்தன. அங்கே எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

மறுநாள் காலை தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கியபோது வீட்டுக்கார அம்மாள் கேட்டார்: "ஏன் தம்பி, ராத்திரி யார்கூட அப்படிச் சண்டை?"

சண்டையில்லை, படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். 'ப' வரவில்லை. அந்த அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சொல்லை எனக்காக முடித்துவைக்க அவர் முயலவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.