பேட்டையில் எழுதிய கடல்

திருநெல்வேலிப் பேட்டையில் கடல் கிடையாது. கிழக்கே போனால் டவுன், மேற்கே சேரன்மகாதேவி, நடுவில் தொழிற்பேட்டையும் ஐ.டி.ஐ.யும் இந்துக் கல்லூரியும் ரயில் தண்டவாளமும். இந்த ஊரில் குடியிருந்து, மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்துக்கொண்டே, நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் திரும்பத் திரும்ப எழுதியது தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையை.

1944-ல் அங்கே பிறந்தவர். அப்போது அது திருவிதாங்கூர். 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் படித்தது மலையாளம். காதில் ஊறிக் கிடந்தது ஊர்த் தமிழ். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் புத்தகமானபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிற ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். குழித்துறை வழியாக வருவது. அந்தத் தாமிரபரணியின் பொழிமுகத்தில் பிறந்தவர், எங்கள் தாமிரபரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்.

சின்ன வயசை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கொஞ்சுவார்கள். மீரான் கொஞ்சவில்லை. ஊர் முதலாளியின் அதிகாரம், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்ற பிடிவாதம், மார்க்கத்தின் பெயரால் ஏமாந்த ஏழைகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஊர்ப் பேச்சை மட்டும் அப்படியே காப்பாற்றினார். ஊருக்குள்ளேயே இருந்திருந்தால் நாலு பேர் முகத்தைப் பார்த்து எழுத வேண்டியிருந்திருக்கும். பேட்டை அவருக்குத் தைரியம் கொடுத்தது என்றே நினைக்கிறேன். 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்திய அகாதெமி விருது. 2019 மே மாதம் காலமானார்.

அவரைப் படித்த பிறகுதான் என் தெரு எனக்குப் பிடிபட்டது. வீட்டுக்கு வீடு பீடி. ஈரத்துணியில் சுற்றிய இலை, தகட்டை வைத்து அளவாக வெட்டும் கத்தரிச் சத்தம், மடியில் சொளவு. அம்மா சுருட்டிப் போடுவாள், நான் நுனி மடக்குவேன். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கடையில் கணக்குப் பார்க்கிறவர் கட்டை உருட்டிப் பார்த்துச் சிலதைக் கழிவு என்று தனியே போடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, திருப்பியும் தரமாட்டார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். வரும் வழியில், "இன்னைக்கு எலை சரியில்லல்லா" என்பாள். இலை நன்றாகத்தான் இருந்தது. வெட்டும்போது பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியாதா?

இன்றைக்கும் கூலிக்காரரிடம் என்னால் பேரம் பேச முடியாது. என் முன்னால் வேறு யார் பேசினாலும் சண்டைக்குப் போய்விடுகிறேன்.

பீடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் புகையிலை வாசனைதான் முந்திக்கொண்டு வரும். வாசனையோடு நிறுத்திக்கொண்டால் வாசிக்கிறவர்களுக்கும் சுகமாக இருக்கும். ஆனால் அந்தக் கழிவுக் கட்டுகள் எங்கே போயின, எந்த லேபிள் ஒட்டி யார் விற்றார்கள்? அது எழுதப்பட வேண்டும். அன்றைக்குக் கடை வாசலில் அம்மாவோடு வரிசையில் நின்ற பெண்கள் சிலர் இன்னும் பேட்டையில் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் இப்போது கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.