பத்து மாதம் பதினெட்டு நாள்

எடிசன் என்றால் பல்பு கண்டுபிடித்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அந்தப் பேரில் ஓர் ஊர் இருக்கும், அதில் நான் குடித்தனம் நடத்துவேன் என்று யார் கண்டது! அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அவருடைய ஆராய்ச்சிக்கூடம் இருந்த மென்லோ பார்க் இதற்குள்தான் வருகிறது. அதனால் 1954-ல் ஊருக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

வீட்டிலிருந்து ஓக் ட்ரீ ரோடுக்குப் போனால் நம்மூர்க் கடைத்தெருவேதான். பக்கத்து ஐசலின் வரை வரிசையாக மளிகை, நகை, புடவைக் கடைகள். முருங்கைக்காய், வாழைப்பூ, இட்லி அரிசி எல்லாம் உண்டு. ஜனவரி மாதப் பனியில் வழுக்கி விழாமல் நடந்து போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவதற்குத்தான் தனிச் சாமர்த்தியம் வேண்டும்!

2019-ல் என் வீட்டுக்காரரின் வேலை மூலமாக எங்கள் எல்லோருக்கும் கிரீன் கார்டு வந்தது. நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்ற அட்டை. அதில் பத்து வருஷத்துக்கு அப்பால் ஒரு தேதி போட்டிருந்தது. ‘2029 வரைக்கும் கவலை இல்லை’ என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

2023 ஜூன் மாதம் கும்பகோணத்திலிருந்து போன். அத்தை முற்றத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாமியாரைத்தான் சொல்கிறேன், எனக்கு அம்மா இல்லாத குறையைத் தீர்த்தவர். ஜூன் 12-ம் தேதி விமானம் ஏறினேன். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எழுபத்தெட்டு வயதில் எலும்பு சேருவது லேசா? படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கணும், வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கப் பழக்கணும். தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. மாசி மகத்துக்கு மகாமகக் குளத்துக் கூட்டத்தின் இரைச்சல் திண்ணை வரை கேட்டது. “அம்மாடி, என்னை ஒரு தடவை குளத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயேன்” என்று அத்தை கேட்டபோது, எடிசனாவது, கார்டாவது, ஒன்றும் நினைப்பில் இல்லை.

பங்குனியில், டல்லாஸில் இருக்கும் நாத்தனார் போனில் பேசும்போதுதான் கேட்டாள்: “அண்ணி, நீங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு? வருஷம் தாண்டிட்டா அந்தக் கார்டை வச்சுக்கிட்டு உள்ளே வர முடியாது. முதல்ல டிக்கெட் போடுங்க!”

எனக்குக் கைகால் ஓடவில்லை. அட்டையில் போட்டிருந்தது அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய தேதி மட்டும்தானாம். நான் எங்கே குடியிருக்கிறேன் என்பது தனிக் கணக்கு. ஆறு மாதம் தாண்டினால் அதிகாரிகள் துருவிக் கேட்கலாம். ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆனால் வெறும் கார்டு திரும்பி வர உதவாது. அப்புறம் தூதரகத்துக்குப் போய், நம் கைமீறிய காரணத்தால்தான் தங்க நேர்ந்தது என்று நிரூபித்துத் தனி விசா கேட்கணும். அது கிடைப்பது அத்தனை சுலபமில்லை. ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டினால் போதும்’ என்று கல்யாண வீடுகளில் சொல்வார்களே, அதையும் நம்பாதீர்கள். வீடு வாசல் உண்மையில் அங்கேதானா என்றுதான் பார்க்கிறார்கள்.

அத்தைக்கு ஒரு ஆயாவை ஏற்பாடு செய்துவிட்டு, ஏப்ரல் 30-ம் தேதி அமெரிக்காவில் போய் இறங்கினேன். பத்து மாதம் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கவுண்டரில் பார்த்துவிட்டு, தனி அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி. “உங்கள் வீடு எங்கே?” என்பதுதான் முதல் கேள்வி. நாக்கு நுனி வரை ‘கும்பகோணம்’ வந்துவிட்டது! விழுங்கிவிட்டு “எடிசன்” என்றேன். அதுவும் பொய்யில்லையே.

நாத்தனார் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பை நிறையக் காகிதம் கொண்டு போயிருந்தேன். அத்தையின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, இருவர் பேரிலும் சேர்த்துக் கட்டிய வருமான வரிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், என் டிரைவிங் லைசென்ஸ், பெண்ணின் காலேஜ் பணம் கட்டிய ரசீது. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். நாற்பது நிமிஷம்! கடைசியில் முத்திரை குத்திக் கொடுத்து, “அடுத்த தடவை நீண்ட நாள் போவதானால் முன்னாலேயே பர்மிட் வாங்கிக்கொண்டு போங்கள்” என்றார்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. ஓக் ட்ரீ ரோடில் பழக்கமான ஒரு பெரியம்மா, பயணக் களைப்பில், நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘என் உரிமையை நானே விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற பாரம் அது! அதில் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குடியேற்ற நீதிபதி முன்னால் வழக்கைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இது அவருக்கு அப்போது தெரியவில்லை, பாவம்.

அந்த அதிகாரி சொன்ன பர்மிட்டுக்குப் பெயர் ரீ-என்ட்ரி பர்மிட். பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். விண்ணப்பம் போடும்போது நாம் அமெரிக்காவுக்குள் இருந்தாகணும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு போட முடியாது. பிறகு கைரேகை எடுக்க ஒரு நாள் கூப்பிடுவார்கள். அது முடிந்தால், புத்தகம் கைக்கு வருமுன்பே ஊருக்குக் கிளம்பலாம். பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். நீட்டிக்க முடியாது, வேண்டுமானால் திரும்பிப் போய்ப் புதிதாகப் போடணும்.

மே மாதம் விண்ணப்பம் போட்டேன். கைரேகைக்கு எப்போது கூப்பிடுவார்களோ என்று தினமும் தபால்பெட்டியைப் பார்ப்பது, ராத்திரி ஆனால் அத்தைக்குப் போன் போடுவது, இதுதான் வேலை. “ஆயா நல்லாத்தான் பாத்துக்கறா. ஆனா ரசத்துல பெருங்காயமே போடமாட்டேங்கறா” என்பார் அத்தை. ஜூலையில் கும்பகோணம் வந்து சேர்ந்ததும் முதலில் வைத்தது ரசம்தான்.

இந்தப் புத்தகத்தாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. குடியுரிமைக்கு வேண்டிய ஐந்து வருஷத் தொடர்ச்சியை இது காப்பாற்றாது. இவர் இப்போது விண்ணப்பிக்கலாம். நானோ மறுபடி ஆரம்பத்திலிருந்து வருஷத்தை எண்ணணும். “பரவாயில்லை விடு, என் அம்மாவுக்காகத்தானே இருக்கே” என்கிறார் இவர். எனக்கு ஒரு நாள் வருத்தமாக இருக்கும், ஒரு நாள் இருக்காது.

புத்தகம் 2025-ல் வந்தது. 2027 மே வரை செல்லும். அத்தையின் மாத்திரைச் சீட்டோடு சாமி அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். அத்தை இப்போது வாக்கர் இல்லாமல் வாசல் வரை வருகிறார். “அடுத்த மகாமகம் எப்போ அம்மாடி?” என்று போன வாரம் கேட்டார்.

“2028, அத்தை.”

“அப்ப நீ இங்கே இருப்பியோன்னோ?”

“அதுக்கு முன்னால ஒரு நடை போய், இன்னொரு புத்தகம் வாங்கிட்டு வந்துடறேன் அத்தை” என்றேன்.