ஏரிக்குத் திரும்பும் வழி

மலையேறுவோர் பலருக்கு உச்சியை அடைவதே நோக்கம். புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் வட்டப்பாதையில் அப்படியோர் உச்சி இல்லை. கொடைக்கானலில் ஒருநாள் முழுவதும் அவ்வாறு நடந்தபோதுதான், பலமுறை பார்த்திருந்த ஏரியை நான் முதன்முதலாக அறிந்துகொண்டேன்.

அது பங்குனி மாதம். விடிந்ததும் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டோம். விண்மீனைப்போலக் கைகளை நீட்டிக் கிடக்கும் அந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச், சதுப்புநிலத்து ஓடைகளைத் தடுத்து 1863ஆம் ஆண்டில் உருவாக்கியது. எனக்கு வழிகாட்டியாக வந்தவர் பளியர் இனத்துப் பெரியவர் ஒருவர்.

"மழையில்லாத நாளிலும் இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது, ஐயா?" என்று கேட்டேன்.

"நடங்க தம்பி, போகப்போகத் தெரியும்" என்றார்.

ஏரிக்கு மேலே பாம்பே சோலைக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்தது. குட்டையான மரங்கள் ஒன்றோடொன்று முடி கோத்து நின்றன. கிளைதோறும் பாசி, பாசியில் பெரணியும் ஆர்க்கிடும். காலடியில் மெத்தைபோல் இலைமக்கு. சிலம்பன்கள் எங்கோ இருந்து குரல் கொடுத்தன. அம்மக்கின் அடியிலிருந்து நூலிழைபோல் நீர் கசிந்துகொண்டிருந்தது.

சோலையைக் கடந்து ஏறினால் பைன் தோப்பு. அங்கே பறவைக்குரல் இல்லை. ஊசியிலைச் சருகுகள் காலை வழுக்கின. புல்வெளிகளைப் பயனற்ற நிலமென்று கருதி, விறகுக்கும் தோல் பதனிடவும் கூழுக்குமாகத் தைலமரம், சீகை, பைன் போன்ற அயல்மரங்களை நட்ட காலம் ஒன்று இருந்தது. குறிஞ்சிப் புதர்கள் செழித்திருந்த சரிவுகள் பலவும் அவற்றின் நிழலில் மறைந்தன. தோப்பினூடே சென்ற ஓடை வறண்டிருந்தது.

நண்பகலில் தெற்கு முகட்டை அடைந்தோம். கீழே தேனிச் சமவெளி விரிந்து கிடந்தது. அதைப் பார்த்து நின்றபோதே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்தது. சிறிது நேரத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. விரைவில் இறங்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் முன்னே நடந்தேன். பெரியவர் என் தோளை இறுகப் பற்றினார்.

"கண்ணு தெரியாதப்ப காலை நம்பக் கூடாது, தம்பி. உக்காருங்க."

மடிப்பில் இருந்த சிறு சோலைக்கு என்னைக் கைபிடித்து அழைத்துச் சென்றார். மரத்தடியில் அமர்ந்தோம். என் குடுவையில் நீர் தீர்ந்திருந்தது. பிடரியில் ஒரு துளி விழுந்தது, பின் மற்றொன்று.

"மழையா?" என்றேன்.

"மழையில்ல. பனியை மரம் புடிச்சுக் கீழ விடுது" என்றார் பெரியவர்.

நிமிர்ந்து பார்த்தேன். இலைநுனிகளிலும் பாசியிலும் மூடுபனி துளியாகத் திரண்டு, மண்ணில் சொட்டி மறைந்துகொண்டிருந்தது. என்னை அச்சுறுத்திய அதே பனிதான் அங்கே நீராகிக்கொண்டிருந்தது.

ஒரு மணிநேரம் கழித்துத் திரை விலகியது. நான் நடக்கத் தொடங்கிய திசையில் பத்தடிக்கு அப்பால் தரை முடிந்திருந்தது. அதன்கீழ் செங்குத்துப் பாறை. எனக்குப் பேச்சு எழவில்லை. பெரியவர் அதைப்பற்றி ஒன்றும் கூறாமல் எழுந்து நடந்தார்.

வேறொரு சரிவின் வழியே இறங்கி, மாலையில் மீண்டும் ஏரிக்கரைக்கு வந்தோம். படகுகள் மிதந்தன, குழந்தைகள் குதிரையேறி மகிழ்ந்தனர். இந்த ஏரி நிரம்பி வழியும் நீரே மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது என்பதை நான் முன்பே அறிவேன். அதற்கு முந்தைய பாதியை அன்றுதான் கண்டேன். குனிந்து ஒரு கை நீரை அள்ளினேன். காலையில் கேட்ட கேள்வியைப் பெரியவரிடம் மறுபடியும் கேட்கவில்லை.