ஆழாக்குக் கணக்கு

பழ ஈயின் புழு ஒன்றை முதுகுப்பக்கம் கீறி விரித்து, அதன் ஆறாம் எண் தசையில் கண்ணாடி ஊசியை இறக்கிவிட்டு, நரம்பைத் தூண்டிவிட்டுக் காத்திருக்கிறேன். திரையில் கோடு அசையவில்லை. இன்னொரு முறை தூண்டுகிறேன். இப்போதும் இல்லை. மூன்றாம் முறை ஒரு சின்ன மேடு எழும்பி அடங்குகிறது. நான்காம் முறை மறுபடியும் வெறும் கோடு. பெங்களூரின் வடக்கோரத்தில் இருபது வருடமாக நான் செய்துவரும் வேலையில் பெரும்பகுதி இதுதான்: வராத பதில்களை எண்ணுவது.

கோவில்பட்டியில் என் தாத்தா கடையில் பொட்டுக்கடலை அளக்க ஒரே ஒரு பித்தளை ஆழாக்குதான் உண்டு. காசுக்கு ஏற்றபடி ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு, ஐந்து ஆழாக்கு. ஒன்றரை கேட்டால் தாத்தா காதில் வாங்கமாட்டார். நரம்பு நுனியும் அப்படித்தான் கொடுக்கிறது. வேதிப்பொருள் நிரப்பிய நுண்பைகள் அதற்குள் அடுக்கியிருக்கின்றன. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் சவ்வில் உள்ள வாயில்கள் திறக்கின்றன, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாய்கிறது, ஒரு மில்லிநொடிக்குள் சில பைகள் சவ்வோடு ஒட்டித் தம்மிடம் உள்ளதை வெளியே கொட்டிவிடுகின்றன. ஒரு பை, அல்லது இரண்டு பை. அரைப் பை என்ற கணக்கு கிடையாது.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் பால் ஃபாட், பெர்னார்ட் காட்ஸ் இருவரும் லண்டனில் தவளைத் தசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரும் தூண்டாமலே அவ்வப்போது சிறு சிறு மின்னசைவுகள் தோன்றுவதைக் கவனித்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். 1954இல் ஹோசே டெல் காஸ்டிலோவும் காட்ஸும் செய்ததுதான் என் தொழிலுக்கு அடித்தளம். தசையைச் சுற்றியுள்ள உப்புநீரில் கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டினார்கள். நரம்பின் கை இறுகியது. பெரிய பதில்கள் நின்று, ஒன்று, இரண்டு, சில வேளை ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தது. அந்த நிலையில்தான் ஆழாக்கு கண்ணுக்குத் தெரிந்தது. தாராளமாகக் கொடுக்கும் கடையில் நின்று அளவையின் கொள்ளளவைக் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணுவது எளிது. 200 முறை தூண்டினேன், 74 முறை பதிலில்லை என்று வையுங்கள். 200ஐ 74ஆல் வகுத்து அதன் இயல் மடக்கையை எடுத்தால் கிட்டத்தட்ட 1 வரும். அதாவது இந்த நரம்பு நுனி சராசரியாகத் தூண்டலுக்கு ஒரு பை கொடுக்கிறது. கொடுத்ததைத் தொடாமல், கொடுக்காததை மட்டும் வைத்தே கொடையின் அளவைச் சொல்லிவிடலாம்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு இது மனதில் ஏறச் சில மாதங்கள் ஆகும். திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண் முதல் வாரத்தில் முகம் வாடி வந்து நின்றாள்.

“அக்கா, பாதிக்குப் பாதி ஒண்ணுமே வரல. இன்னைக்குப் பூரா பாழாப்போச்சு.”

“எத்தனை தடவை வரலன்னு எழுதினியா?”

“அதை எதுக்கு எழுதணும்?”

“நோட்டை எடு. அதைத்தான் முதல்ல எழுதணும்.”

அவள் இப்போது என்னைவிடச் சுத்தமாகப் புழுவை விரிக்கிறாள். அந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லித்தருவது கடினம். ரப்பர் போன்ற சிலிக்கோன் பூசிய தட்டில், தலையில் ஒரு ஊசி, வாலில் ஒரு ஊசி. கால்சியம் இல்லாத குளிர்ந்த உப்புநீரை ஊற்றி, கத்தரியின் நுனியால் முதுகின் நடுக்கோட்டில் வெட்ட வேண்டும். ஆழம் போனால் அடியிலுள்ள தசை போச்சு. குடலையும் கொழுப்பையும் அள்ளி எடுத்துவிட்டால் உடற்சுவர் திறந்த புத்தகம்போல் விரியும். வயிற்றுப்பகுதியின் பெரும்பாலான கண்டங்களில் பக்கத்துக்கு 30 தசைகள், எல்லாப் புழுவிலும் அதே இடத்தில், அதே எண்ணோடு. தசைக்குள் ஊசி சரியாக இறங்கினால் மின்னழுத்தம் சட்டென்று மைனஸ் 60, 65 மில்லிவோல்ட்டுக்கு விழும். ஊசி கிழித்துவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் அது கரைந்துகொண்டே வரும். அப்படிக் கரைகிற தசையிலிருந்து எடுத்த எண்ணை நான் நோட்டில் ஏற்றுவதில்லை. வேண்டும் என்று ஆசையாக இருக்கிற நாட்களில் இன்னும் கண்டிப்பாக ஏற்றுவதில்லை.

அப்படிக் கண்டிப்பாக இருந்தும் ஒரு வருடம் ஏமாந்தேன். வளரும் புழுவில் நரம்பின் கொடை எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. முட்டையிலிருந்து வந்த புழு நான்கைந்து நாளில் தசைப்பரப்பில் ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கிறது. அத்தனை பெரிய தசையை அசைக்க, நரம்பு நுனி முன்னைவிட அதிகப் பைகளைக் கொடுத்தாக வேண்டும். இளம் புழுக்களை ஜனவரியில் அளந்தேன். முதிர்ந்த புழுக்களுக்கு ஏப்ரல் ஆகிவிட்டது. முதிர்ந்தவற்றில் வெற்றுப் பதில்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. நான் எதிர்பார்த்ததைவிட அழகான முடிவு. மூன்று மாதம் அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன்.

பெங்களூரில் ஜனவரிக் காலையில் எங்கள் அறை 21, 22 டிகிரி. ஏப்ரல் மதியத்தில், ஏசி ஒழுங்காக ஓடாத நாட்களில், 28ஐத் தாண்டும். அந்தக் காற்றில் ஈரமும் கிடையாது. தட்டில் இருப்பதோ சில சொட்டு உப்புநீர். இரண்டு மணி நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் வற்ற, கால்சியத்தின் செறிவு ஏறியிருக்கிறது. வெளியீடு கால்சியத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதை டாட்ஜும் ரஹமிமாஃபும் 1967இலேயே தவளை நரம்பில் காட்டியிருந்தார்கள்: கால்சியம் குறைவாக உள்ள நீரில் அதை இரண்டு மடங்காக்கினால் வெளியீடு 16 மடங்கை நெருங்கும், நான்காம் அடுக்கு. சொட்டுக் கணக்கில் நடந்த பிழையை நரம்பே பெருக்கிக் காட்டும். அதோடு வெப்பம் ஏறினால் வாயில்கள் திறந்து மூடும் வேகமும், கால்சியத்தை அள்ளி வெளியேற்றும் பம்புகளின் வேகமும் மாறும். நான் பார்த்தது புழுவின் வளர்ச்சியில் பாதி, பெங்களூர்க் கோடையில் பாதி.

சுவரிலிருந்து அதைக் கிழித்தேன். அடுத்த ஜனவரியில் தட்டுக்குள்ளேயே வெப்பமானி வைத்து, உப்புநீரைத் தொடர்ந்து ஓடவிட்டு, ஒரே நாளில் ஒரு இளம் புழு, ஒரு முதிர்ந்த புழு என்று மாற்றி மாற்றி அளந்தேன். முன்பு கண்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

எனக்குப் பகையான இந்த வெப்பத்தையே வேறொருவர் கத்தியாகப் பிடித்திருக்கிறார். ஒபைத் சித்திக்கி. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவியவர். 1970களில் கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரோடு சேர்ந்து, சாதாரண வெப்பத்தில் நன்றாகத் திரிந்து சூடேறியதும் செயலற்று விழுகிற ஈக்களின் நரம்பிலும் தசையிலும் மின்பதிவு எடுத்தார். அந்தக் கட்டுரை 1976இல் வந்தது. அவர்களுடைய ஈக்களில் ஒன்றின் பெயர் கோமடோஸ்: 38 டிகிரியில் மயங்கும், குளிர்ந்த பிறகும் வெகுநேரம் எழாது. ஜப்பானிய மொழியில் மரத்துப்போதல் என்ற பொருளில் ஷிபிரே என்ற ஈ உண்டு. இந்திய ஆய்வாளர்கள் வைத்த பெயர் ஸ்தம்ப். நம் பேச்சில் ‘ஸ்தம்பிச்சு நின்னுட்டான்’ என்கிறோமே, அதே சொல்.

கோமடோஸ் ஈயில் கெட்டுப்போன ஜீன் எது என்பது 1995இல்தான் தெரிந்தது. பையும் சவ்வும் ஒட்டும்போது இரு பக்கத்துப் புரதங்களும் கயிறு முறுக்குவதுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். அந்த முறுக்கை அவிழ்த்தால்தான் அடுத்த பைக்கு அந்தக் கயிறு உதவும். அவிழ்க்கும் புரதத்துக்கு என்எஸ்எஃப் என்று பெயர். ஜேம்ஸ் ராத்மனின் குழு முன்னரே வேறு உயிரணுக்களில் பிரித்தெடுத்திருந்தது. கோமடோஸ் ஈயிடம் சூட்டில் செயலிழப்பது அதுதான். முறுக்கு அவிழாமல் சேரச் சேர, கொடை சிறுகச் சிறுக நின்றுபோகிறது. சித்திக்கி 2013 ஜூலையில் பெங்களூரில் காலமானார். அதே அக்டோபரில் ராத்மன், ஷெக்மன், ஸூடாஃப் மூவருக்கும் பைகளின் போக்குவரத்துக்காக நோபல் பரிசு அறிவித்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் ஈ அறையில் கோமடோஸ் குப்பிகள் இருந்த தட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்த ஜீனில் என்னை உறங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. இது முழுவதுமாக இல்லாத ஈ முட்டையிலேயே சாவதில்லை. புழுவாகி, ஊர்ந்து, தின்று, கூட்டுப்புழுவாகி, உள்ளே இறக்கையும் கண்ணும் முளைத்து முழு ஈயாகிவிடுகிறது. கூட்டை விட்டு வெளியே வரும் நேரத்தில் முடியாமல் இறக்கிறது. பழ ஈயிடம் இதற்கு ஒரு சகோதர ஜீனும் இருக்கிறது. புழுப் பருவத்தின் தேவை வேறு வழியில் நிறைவேறிவிடுகிறது, முதிர்ந்த மூளைதான் இது இல்லாமல் ஓடாது. வளரும் நரம்பை முதிர்ந்த நரம்பின் சிறிய வடிவமாக நினைக்கும் பழக்கத்திலிருந்து இந்த ஈதான் என்னை விடுவித்தது. ஒரே வேலை, ஆனால் வயதுக்கு வயது வேறு கைகள் அதைச் செய்கின்றன.

ஷிபிரேயில் கெட்டது வேறு. கொட்டிய பையின் சவ்வைத் திரும்பக் கிள்ளி எடுக்கும் டைனமின் என்ற புரதம். சூடேறினால் கிள்ளல் நிற்கும், கிடங்கு காலியாகும். டைனமினுக்கு வேண்டிய ஜிடிபி என்ற எரிபொருளை நரம்பு நுனிக்குத் தருவதில் இன்னொரு என்சைமுக்குப் பங்கிருப்பதை கே. எஸ். கிருஷ்ணன், மணி ராமசுவாமி முதலானோர் 2001இல் காட்டினார்கள்.

சித்திக்கி நிறுவிய மையத்தில் கெய்தி ஹாசனின் குழு செய்த வேலை என் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. நரம்பணுவுக்குள் கால்சியம் சேமிப்பு ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால் வெளியிலிருந்து நிரப்பிக்கொள்ள ஒரு வழியும் இருக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் இந்த வழியை அடைத்தால், பிறகு வெளிவரும் ஈ சரியாகப் பறப்பதில்லை. பைகளில் நிரம்பும் டோபமினைத் தயாரிக்கும் என்சைமுக்கான ஜீனே அந்த நரம்பணுக்களில் குறைவாகத்தான் இயங்குகிறது. பைக்குள் எவ்வளவு நிரம்பும் என்பதன் ஒரு பங்கு இறக்கை விரிவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

பாலூட்டிகளில் இந்த மாற்றத்தை மிக நெருக்கமாகப் பார்க்க முடிந்த இடம் மூளைத்தண்டில் ஒலியைக் கடத்தும் ஒரு நரம்பு நுனி. ஹான்ஸ் ஹெல்ட் 1893இல் விவரித்த, பூவிதழ்போல் அடுத்த உயிரணுவைக் கவ்வியிருக்கும் மாபெரும் முனை. எலிக்குட்டிக்குப் பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரம் காது கேட்காது. அதுவரை இந்த முனையில் பல வகைக் கால்சியம் வாயில்கள் கலந்திருக்கும், பைகளிலிருந்து எட்டியும் இருக்கும். நிறையக் கால்சியம் புகுந்து, நிறையப் பைகள் ஒரே வீச்சில் போய்விடும். அடுத்த துடிப்புக்கு மிச்சமிருப்பது குறைவு. காது திறந்த பிறகு பி/க்யூ வகை வாயில் மட்டும் நிலைக்கிறது, பைகள் அதன் வாசலிலேயே வந்து ஒட்டிக்கொள்கின்றன, துடிப்பும் குறுகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் கையிருப்பில் சிறு பங்கைத்தான் கொடுக்கிறது. அதனால்தான் நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளுக்கு ஈடுகொடுக்க முடிகிறது. எங்கே ஒலி பிறந்தது என்று காதுக்குக் காது நுணுக்கமாக ஒப்பிட, மூளைக்கு இந்தச் சிக்கனம் வேண்டும்.

ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸில் இருக்கும் நரம்பியல் மருத்துவர்களுக்கும் அந்த வாயிலைத் தெரியும். லாம்பர்ட்-ஈட்டன் என்ற நோயில் உடலின் எதிர்ப்புரதங்களே பி/க்யூ வாயில்களைத் தாக்கும். நோயாளிக்குத் தொடை தூக்க வலுவிருக்காது. ஆனால் சில நொடி அழுத்திப் பயிற்சி செய்ததும் தசையின் மின்பதிவு மளமளவென்று உயரும். துடிப்புகள் அடுத்தடுத்து வரும்போது முந்தையதன் கால்சியம் கொஞ்சம் தங்கி அடுத்ததற்கு உதவுகிறது. என் புழுவில் 0.2 மில்லிமோலார் கால்சியத்தில் இரட்டைத் தூண்டல் கொடுக்கும்போது, முதலாவது வெறுங்கோடாகவும் இரண்டாவது மேடாகவும் வருவதைப் பார்க்கிறபோதெல்லாம் அந்த நோயாளிகளின் நினைவு வரும்.

தசை தன் பக்கத்துக் குறையை நரம்புக்குச் சொல்லவும் செய்கிறது. புழுவின் தசையில், பைகள் கொட்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை ஏற்கும் புரதங்களில் ஒன்றை நீக்கினால் ஒரு பைக்குத் தசை காட்டும் அசைவு சுருங்கும். ஆழாக்கு சிறுத்ததைப் போல. உடனே நரம்பு ஆழாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டி மொத்தத்தைச் சரிக்கட்டிவிடும். 1997இல் வந்த முடிவு அது. அப்புறம் ஒரு குளவி நஞ்சின் சாயலில் செய்த வேதிப்பொருளைத் தசைமேல் விட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் அதே சரிக்கட்டல். தசையிலிருந்து நரம்புக்குப் பின்னோக்கிப் போகும் அந்தச் சொல்லைத் தேடித்தான் இப்போது எங்கள் நாட்கள் போகின்றன.

இன்று காலை தட்டில் 22 டிகிரி. உப்புநீர் சொட்டுச் சொட்டாக ஓடுகிறது. வெளியே போர்வெல் மோட்டார் போட்டதும் திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறி, அது நின்றதும் கோடு தெளிந்தது. திண்டுக்கல் பெண் ஊசியை இறக்கினாள். மைனஸ் 64. இளம் புழு, இரண்டாம் பருவம், முதல் தூண்டல். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு பூஜ்யம் போட்டாள்.