அப்பாவுக்குப் போட்ட வாய்ப்பூட்டு

விமானம் ஓட்டத் தெரியும் என்று எனக்கு இருந்த கர்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிற்று. அதுவும் பான்கேக் சாப்பிடப் போன இடத்தில்.

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுகிறவர்களிடம் கோடைக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு சின்ன ஊர் விமான நிலையத்தில் ஹேங்கரைக் காலி செய்து, மேசை நாற்காலி போட்டு, பெரிய இரும்புக் கல்லில் பான்கேக் சுட்டுப் பரிமாறுவார்கள். சுற்று வட்டாரத்து விமானிகள் அவரவர் விமானத்தில் வந்து இறங்கி, சாப்பிட்டுக் கதை பேசிவிட்டுக் கிளம்புவார்கள். பல ஊர்களில் இதை நடத்துவது ஈ.ஏ.ஏ. கிளை. 1953இல் மில்வாக்கியில் தொடங்கிய விமான ஆர்வலர் சங்கம் அது. ஓட்டி வந்தவருக்குச் சில இடங்களில் தட்டு இலவசம்.

அந்த ஜூன் மாதம் அப்பா திருநெல்வேலியிலிருந்து எங்களிடம் வந்திருந்தார். முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தனியார் விமானி உரிமம் வாங்கச் சட்டம் பொதுவாகக் கேட்பது குறைந்தது 40 மணி நேரப் பறப்பு; என் கணக்கில் 110 ஆகியிருந்தது. அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் இறங்கிக் காட்ட அது போதும் என்று நினைத்தேன். எங்கள் விமான கிளப்பின் பைப்பர் செரோக்கியை வாடகைக்கு எடுத்தேன். நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின், இறக்கை உடலுக்குக் கீழே.

பெல்ட்டை மாட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னேன்: "இறங்கும்போது மட்டும் ஒண்ணும் பேசாதீங்கப்பா. எனக்குக் கவனம் சிதறும்." சரி என்று தலையாட்டினார்.

கிளம்பவே தாமதம். போன இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இப்படிப்பட்ட நிலையங்களில் விமானிகள் ஒரே அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு, ஓடுபாதையை ஒட்டிச் செவ்வகமாக ஒரு சுற்று வந்து இறங்குவார்கள். அந்தச் சுற்று வெறும் சம்பிரதாயமில்லை. யார் முன்னே, யார் பின்னே என்று கண்ணால் பார்த்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் அது. ஓடுபாதை 22 எனக்கு நேர் எதிரே கிடந்தது. சுற்றாமல் நேராகப் போய் இறங்கச் சட்டம் தடை சொல்லவில்லை. ஏற்கெனவே சுற்றில் இருப்பவருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, அவ்வளவுதான். ரேடியோவில் ஒரு குரலும் இல்லை. ஐபேடில் பக்கத்து விமானங்களைக் காட்டும் திரையும் காலி. நேராக இறங்குவதாக அறிவித்தேன். நான்கு நிமிடம் மிச்சம்.

ஏறக்குறைய முந்நூறு அடி உயரத்தில் இருந்தோம். என் கண் ஓடுபாதையை விட்டு நகரவில்லை. அப்பா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். மூன்றாவதாக, மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:

"தம்பி, கீழ ரெண்டு நெழலு ஓடுதுல்லா?"

சோளக்காட்டின் மேல் எங்கள் நிழல் ஓடியது. அதற்குச் சற்று முன்னால் இன்னொரு நிழல்.

கை தானாக எஞ்சின் விசையை முழுக்கத் தள்ளியது. வலப்பக்கம் ஒதுங்கி ஏறினேன். அப்போதுதான் இடப்பக்கம் கீழே அதைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு பைப்பர் கப். 1930களின் கடைசியிலும் 40களிலும் செய்த, துணி போர்த்திய விமானம். அதில் மின்சார அமைப்பே கிடையாது. கோபுரமில்லாத இப்படிப்பட்ட இடத்தில் ரேடியோ வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தன் இடத்தை ஒலிபரப்பும் கருவி வைப்பதிலிருந்தும் அதற்கு விலக்கு உண்டு. அதனால்தான் என் காதிலும் திரையிலும் அது இல்லை. அதன் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் ஓட்டுபவருக்கு மேலே தெரியாது. என் இறக்கையும் மூக்கும் எனக்குக் கீழே இருப்பதை மறைத்தன. வேகமான நான் மெதுவான அவர் முதுகின் மேல் இறங்கிக்கொண்டிருந்தேன்.

முழுச் சுற்றும் சுற்றி அவருக்குப் பின்னால் இறங்கினேன். செரோக்கிக்கு ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். அப்பா இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கால் நடுங்கியது.

ஹேங்கரில் கப் ஓட்டி வந்த பெரியவரைத் தேடிப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். திட்டுவார் என்று எதிர்பார்த்து, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன்.

"எந்த விமானம்? நான் எதையும் பார்க்கவில்லையே" என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த முள்கரண்டி தட்டுக்குப் போய்விட்டது. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உனக்கு யார் காட்டியது?" என்று கேட்டார். அப்பாவைக் காட்டினேன். எழுந்து போய் இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு அவர் பேசிய ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. மேப்பிள் பாகு ஊற்றிய பான்கேக்கைத் தோசை மாதிரி பிய்த்துச் சாப்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் இலவசத் தட்டு என்று சொன்ன பெண்ணிடம் இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தேன். அன்று இலவசமாகச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்: "மொதல்லயே ஏம்ப்பா சொல்லல?"

"நீதான பேசக் கூடாதுன்ன" என்றார். சற்று நேரம் கழித்து, "டிரைவரு முன்னாடி பாப்பாரு. மத்ததப் பாக்கத்தானப்பா கண்டக்டரு?"

முப்பது வருடம் விசிலடித்தே பிழைத்த மனிதரின் வாயை நான் பூட்டியிருந்தேன். ரேடியோ மௌனமாக இருந்ததால் வானம் காலி என்று நம்பியது என் முதல் தவறு. பார்க்கக்கூடிய ஒரே ஆளையும் மௌனமாக்கி வைத்தது அதைவிடப் பெரியது. நடுவானில் விமானங்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் இருட்டிலோ மழையிலோ அல்ல. வெளிச்சமான பகலில், விமான நிலையத்துக்கு அருகில். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன்.

இப்போது யாரை ஏற்றினாலும், குழந்தையே ஆனாலும், பெல்ட் மாட்டியதும் சொல்கிறேன்: ஊர்க் கதை இறங்கிய பிறகு பேசலாம்; வெளியே எதைப் பார்த்தாலும், நிழலாக இருந்தாலும், உடனே சத்தமாகச் சொல்லுங்கள். ஓடுபாதை நேரே கிடந்தாலும் முழுச் சுற்றும் வருகிறேன். கூடுதலாக ஆவது நான்கு நிமிடம்.